அரிஸ்டாட்டில் படித்தால் புரோநோட்டு வழக்கு ஜெயிக்குமா?

கேள்வி: வழக்கறிஞராகப் பதிவு செய்து நான்கு வருடம் ஆகிறது. தென்மாவட்டம் ஒன்றில் சிவில் சீனியர் ஒருவரிடம் ஜூனியராக இருக்கிறேன். சட்டக் கல்லூரியில் மூட் கோர்ட் (மாதிரி நீதிமன்ற) போட்டிகளில் நிறையப் பரிசு வாங்கியவன். ஆனால் நிஜ கோர்ட்டில் எழுந்து நின்றால் தடுமாறுகிறேன். போன மாதம் ஒரு புரோநோட்டு வழக்கில் பிரதிவாதி தரப்பில் வாதாடினேன். கையெழுத்து எங்களுடையதல்ல, பணம் கைமாறவில்லை, அது சீட்டுக்குப் பாதுகாப்பாகக் கொடுத்த வெற்றுத்தாள், வழக்கு காலவரம்பு கடந்தது, கடன் இருந்தாலும் தீர்த்தாகிவிட்டது என்று ஐந்து வாதங்கள் தயார் செய்திருந்தேன். மூன்றாவது நிமிடத்தில் நீதிபதி நிறுத்தி, "கையெழுத்து உங்கள் கட்சிக்காரருடையதா, இல்லையா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. வாதத்தை வேறு தேதிக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து அரிஸ்டாட்டில், பழைய ரோமின் வக்கீல் சிசரோ, மனித மூளை எப்படி முடிவெடுக்கிறது என்றெல்லாம் படிக்கிறேன். நீதிபதிகளின் மனதைப் படிப்பது பற்றிய இணைய வகுப்பு ஒன்றில் சேரலாமா என்றும் யோசனை. மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் ஜாமீன் மனுவை எடுக்க விடக்கூடாது என்கிறார்கள் அதில். சீனியர் சிரிக்கிறார். "எல்லாம் அனுபவத்தில் வரும்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: உங்கள் சீனியர் சிரிப்பதில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதிக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த நீதிபதியின் கேள்வி.

அதே கேள்வியைத்தான் கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் ஹெர்மகோராஸ் என்ற கிரேக்க ஆசிரியர் தன் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். இன்றைய துருக்கியின் மேற்குக் கரையை ஒட்டிய டெம்னோஸ் ஊர்க்காரர். எந்த வழக்கானாலும் இரண்டு தரப்பும் முட்டி நிற்கும் இடம் ஒன்று உண்டு, அதைக் கண்டுபிடிக்காமல் வாயைத் திறக்காதே என்பது அவர் பாடம். அந்த இடம் நான்கில் ஒன்றாக இருக்கும் என்றார். நடந்ததா, இல்லையா? நடந்தது, ஆனால் அதற்கு என்ன பெயர்? பெயரும் சரி, ஆனால் அதில் நியாயம் யார் பக்கம்? எல்லாம் சரி, இந்த வழக்கை இப்படி, இங்கே, இப்போது நடத்த முடியுமா? ரோமாபுரியின் வக்கீல் பிள்ளைகள் சிசரோ காலத்திலும் அதற்குப் பிறகும் இதில்தான் பழகினார்கள்.

உங்கள் புரோநோட்டை இதில் வைத்துப் பாருங்கள். கையெழுத்தே என்னுடையதல்ல என்றால் சண்டை முதல் இடத்தில். கையெழுத்து என்னுடையதுதான், ஆனால் அது கடன் பத்திரம் இல்லை, சீட்டு எடுத்தபோது ஈடாகக் கொடுத்த தாள் என்றால் இரண்டாம் இடம். கடன் வாங்கியது உண்மை, கந்து வட்டி போட்டுக் கணக்கை ஊதிவிட்டார் என்றால் மூன்றாம் இடம். அதற்குத் தமிழ்நாட்டில் 2003ஆம் வருடச் சட்டமே இருக்கிறது. மூன்று வருடக் கெடு முடிந்த பிறகு போட்ட வழக்கு என்றால் நான்காம் இடம். நீங்கள் ஐந்து வாதங்களோடு ஒரே நேரத்தில் மூன்று இடங்களில் நின்றிருக்கிறீர்கள். நீதிபதி கேட்டது ஒன்றே ஒன்று: எந்த இடம் என்று முடிவு பண்ணிவிட்டு வா.

இது வெறும் அழகியல் விஷயம் இல்லை. இடம் மாறினால் நிரூபிக்கும் சுமை யார் தலையில் என்பதே மாறிவிடும். கையெழுத்தை மறுத்தால் அதை நிரூபிப்பது வாதியின் வேலை. ஒப்புக்கொண்டால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 118ஆம் பிரிவு வந்து உட்கார்ந்துகொள்ளும். பிரதிபலன், அதாவது பத்திரத்துக்கு ஈடாகப் பணமோ பொருளோ, இருந்ததாக நீதிமன்றம் அனுமானிக்கும், அதை உடைப்பது உங்கள் பொறுப்பு. வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன் என்றால் 20ஆம் பிரிவு வேறு குறுக்கே நிற்கும். முத்திரை ஒட்டிய தாளில் கையெழுத்திட்டுக் கொடுத்தவர், அதைப் பூர்த்தி செய்துகொள்ளும் அதிகாரத்தையும் சேர்த்தே கொடுத்ததாக அந்தப் பிரிவு எடுத்துக்கொள்கிறது. அதற்காகப் பயப்பட வேண்டாம். பாரத் பேரல் வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, 118ஆம் பிரிவின் அனுமானத்தை உடைக்க ஐயத்துக்கு இடமில்லாத நிரூபணம் தேவையில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்ற அளவில் காட்டினால் போதும். சூழ்நிலையை வைத்தே காட்டலாம். ஆனால் அதைக் காட்ட முனைகிற வக்கீல், அதே மூச்சில் கையெழுத்தும் எங்களுடையதல்ல என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது. மாற்று வாதங்களாக எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் உண்டு, உண்மைதான். நம்ப வைக்க இடம் இல்லை.

ஹெர்மகோராஸ் நமக்கு அந்நியர் என்று நினைக்காதீர்கள். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 14ஆம் கட்டளையை எடுத்துப் படியுங்கள். ஒரு தரப்பு சொல்லி மறு தரப்பு மறுக்கும் முக்கியச் சங்கதி ஒவ்வொன்றும் ஒரு எழுவினா, அதாவது நீதிமன்றம் விடை காண வேண்டிய கேள்வி. அதே விஷயம்தான். நாம் எழுவினா வனைவதை ஒரு சடங்காக்கி, 'வாதிக்கு வழக்கில் கோரியபடி பரிகாரம் கிடைக்கத்தக்கதா? இதர பரிகாரம் என்ன?' என்று இரண்டு வரி எழுதிக் கட்டி வைத்துவிடுகிறோம். பிறகு வாத நாளில்தான் சண்டை எங்கே என்று தேடுகிறோம்.

இனி, முட்டி நிற்கும் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? இதில்தான் பழைய ஆசான்களும் இன்றைய மனவியல் ஆய்வும் கைகோத்துக்கொள்கிற இடம் இருக்கிறது. என்னைக் கேட்டால், நீங்கள் படிக்கும் மொத்தத்திலும் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த ஒன்றுதான்.

சிசரோ கி.மு. 55இல் பேச்சாளனைப் பற்றி எழுதிய உரையாடல் நூலில் மார்க்கஸ் அன்டோனியஸ் என்ற மூத்த வக்கீல் பேசுகிறார். நமக்குத் தெரிந்த, கிளியோபாட்ராவோடு சேர்த்துப் பேசப்படும் ஆன்டனியின் தாத்தா. கட்சிக்காரர் வந்தால் அவரைத் தனியாக உட்காரவைத்துப் பேசச் சொல்வாராம், பக்கத்தில் யாரும் இல்லாமல், தயக்கம் போவதற்காக. பிறகு எதிர்த்தரப்பு வக்கீலாகவே மாறி அவரோடு மல்லுக்கு நிற்பாராம். அவர் திருப்பி வாதாடும்போது வழக்கின் உள்விவரமெல்லாம் தானாக வெளியே வந்துவிடும். கட்சிக்காரர் போன பிறகு இவர் ஒருவரே மூன்று பேராக உட்காருவார்: தான், எதிர்த்தரப்பு, நீதிபதி. மூன்று பேருக்கும் ஓரவஞ்சனை இல்லாமல். அதற்குப் பிறகுதான் எதைச் சொல்வது, எதை விடுவது என்று முடிவு செய்வாராம். கி.பி. முதல் நூற்றாண்டின் கடைசியில் எழுதிய ரோமானியப் பேச்சுக்கலை ஆசான் குவின்டிலியன் இன்னும் கறாரானவர். கட்சிக்காரரை ஒரு தடவை பேசவிட்டால் போதாது, மறுபடியும் சொல்ல வை, அவரை நம்பாதவன் போலக் கேள்வி கேள் என்கிறார். நம்மிடம் உண்மையை மறைக்கும் கட்சிக்காரர் ரோமிலும் இருந்திருக்கிறார் என்பதில் எனக்கொரு அற்ப சந்தோஷம்.

இதை ஏன் செய்ய வேண்டும் என்பதை 1990களில் அமெரிக்காவில் செய்த ஆய்வுகள் பளிச்சென்று காட்டுகின்றன. லிண்டா பாப்காக், ஜார்ஜ் லோவன்ஸ்டைன் முதலானோர் டெக்ஸாஸில் நடந்த ஒரு மோட்டார் சைக்கிள் விபத்து வழக்கின் காகிதங்களை மாணவர்களிடம் கொடுத்தார்கள். பாதிப் பேர் வாதி தரப்பு, பாதிப் பேர் பிரதிவாதி தரப்பு. கையில் இருப்பது ஒரே கட்டு. கேட்ட தொகை ஒரு லட்சம் டாலர். நீதிபதி எவ்வளவு கொடுப்பார் என்று சரியாக ஊகித்தால் பரிசும் உண்டு. அப்படி இருந்தும் வாதி தரப்பில் உட்கார்ந்தவர்கள் ஊகித்த தொகை, பிரதிவாதி தரப்பினர் ஊகித்ததைவிடச் சராசரியாகச் சுமார் 14,500 டாலர் அதிகம். தரப்பு எது என்று தெரியாமலே கட்டைப் படித்துவிட்டுப் பிறகு தரப்பைத் தெரிந்துகொண்டவர்களிடம் இந்தக் கோணல் வெகுவாகக் குறைந்தது. பின்னர் செய்த இன்னொரு ஆய்வில், பேச்சுவார்த்தைக்கு முன் 'உன் வழக்கின் பலவீனங்களை எழுது' என்று சொன்னதிலேயே சமரசமாகாமல் முறிவது பெருமளவு குறைந்தது.

'நடுநிலையாக யோசி' என்று சொன்னால் பலன் இல்லை என்பதும் தெரிந்த சங்கதி. சார்ல்ஸ் லார்ட், மார்க் லெப்பர், எலிசபெத் பிரெஸ்டன் மூவரும் 1984இல் இதைச் சோதித்தார்கள். நியாயமாக மதிப்பிடுங்கள் என்று கேட்டுக்கொண்டதில் ஒன்றும் மாறவில்லை. இதே ஆதாரம் உங்களுக்கு எதிரான முடிவைக் காட்டியிருந்தால் அப்போதும் இப்படித்தான் மதிப்பிட்டிருப்பீர்களா என்று கேட்டபோது மாறியது. ஆக, அன்டோனியஸ் உட்கார்ந்த அந்த மூன்று நாற்காலிகள் சும்மா நாடகம் கிடையாது. ஒரு தரப்பின் வக்காலத்து கையெழுத்தான நிமிடத்திலிருந்து நம் கண் ஒரு பக்கமாகச் சாய்கிறது. நல்லெண்ணத்தால் அதை நிமிர்த்த முடியாது, ஒரு வேலைமுறையால்தான் முடியும்.

எனவே, நீதிபதியின் மூளையைப் படிக்கப் புறப்பட்ட உங்களுக்கு நான் சொல்வது, முதலில் படிக்க வேண்டியது உங்களுடையதை. என் ஜூனியர்கள் வாதத்துக்கு முன் ஒரு காரியம் செய்தாக வேண்டும். எதிர்த்தரப்பு வாதத்தை, அவர்கள் வக்கீலே பார்த்து 'நான்கூட இவ்வளவு நன்றாகச் சொல்ல மாட்டேன்' என்கிற அளவுக்கு ஒரு பக்கத்தில் எழுத வேண்டும். அடுத்து, நாங்கள் தோற்றுப்போகும் தீர்ப்பின் முக்கியப் பத்தியை எழுத வேண்டும். இரண்டாவதுதான் வலிக்கும். அதை எழுதும்போது பேனா எங்கே தடையில்லாமல் ஓடுகிறதோ அங்கேதான் நம் ஓட்டை. உங்கள் வழக்கில் அந்தப் பத்தி எப்படி ஓடும் தெரியுமா? 'பிரதிவாதி கையெழுத்தை மறுக்கிறார். அதே சமயம் சீட்டுக்காகக் கொடுத்ததாகவும் சொல்கிறார். கடனைத் தீர்த்ததாகவும் சொல்கிறார். ஆகவே அவர் தரப்பு நம்பத்தக்கதாக இல்லை.' இதை வீட்டில் எழுதியிருந்தால் கோர்ட்டில் கேட்டிருக்க வேண்டி வந்திருக்காது.

சரி, மூட் கோர்ட் பரிசுகளுக்கு வருகிறேன். உங்கள் நிலைமைக்கு ரோமில் ஒரு முன்னோடி இருக்கிறார். அங்கே சொற்பயிற்சிப் பள்ளிகளில் கற்பனை வழக்குகளை வாதாடிப் பழகுவது ஒரு மோகமாக இருந்தது. கடற்கொள்ளைக்காரர்கள், கொடுங்கோலர்கள், சொத்தை மறுத்து விரட்டப்பட்ட பிள்ளைகள் என்று ஒரே மெகா சீரியல் சங்கதிகள். அதில் கொடிகட்டிப் பறந்தவர் போர்சியஸ் லாட்ரோ. ரோமானிய எழுத்தாளர் மூத்த செனெக்கா எழுதி வைத்திருக்கிறார்: லாட்ரோ ஒருமுறை ஸ்பெயினில் தன் உறவினருக்காக நிஜ வழக்கில் வாதாட நின்றார். திறந்தவெளி நீதிமன்றம். முதல் வாக்கியத்திலேயே இலக்கணப் பிழை. ஆளுக்கு நிதானம் வரவில்லை. கூரையும் சுவரும் உள்ள மண்டபத்துக்கு விசாரணையை மாற்றச் சொல்லிக் கேட்டுவாங்கிய பிறகுதான் பேச முடிந்தது.

மூட் கோர்ட்டில் சங்கதிகள் அச்சடித்து வரும், மாறாது. அங்கே இருக்கும் சண்டை சட்டத்தைப் பற்றியது மட்டும். நிஜத்தில் பிராது ஒன்று சொல்லும், நிரூபண வாக்குமூலம் ஒன்று சொல்லும், குறுக்கு விசாரணையில் சாட்சி மூன்றாவதாக ஒன்று சொல்லியிருப்பார். போட்டியில் பேச்சின் நடைக்கும் மார்க் உண்டு. நீதிபதிக்கு உங்கள் நடை தேவையில்லை; சிவில் வழக்கில் அவர் எழுவினா ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே முடிவும் காரணமும் எழுத வேண்டும், 20ஆம் கட்டளை அப்படிச் சொல்கிறது. அவர் எழுத உட்காரும்போது அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ளத் தக்க இரண்டு பத்தியை நீங்கள் கொடுத்தீர்களா என்பதுதான் கணக்கு. பரிசுகளைத் தூக்கி எறிய வேண்டாம். எழுந்து நிற்கும் தைரியம் அங்கே கிடைத்ததுதானே. ஆனால் இடைமறிப்பை அங்கே ஒரு தொந்தரவாகப் பழகியிருக்கிறீர்கள். கோர்ட்டில் அது இலவசமாகக் கிடைக்கும் தகவல். மூன்றாம் நிமிடத்தில் கேட்டாரே, அது அவர் உங்களுக்குச் செய்த உபகாரம். முப்பது நிமிடம் தலையாட்டிவிட்டுத் தீர்ப்பில் எழுதியிருந்தால்?

கட்டு நமக்கு மனப்பாடம் என்பதே ஒரு ஆபத்து. ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி 1990இல் ஒரு சோதனை செய்தார். தெரிந்த பாட்டின் தாளத்தை ஒருவர் மேசையில் தட்ட வேண்டும், எதிரே இருப்பவர் பாட்டைச் சொல்ல வேண்டும். தட்டியவர்கள் பாதிக்குப் பாதி கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நினைத்தார்கள். தட்டிய 120 பாட்டுகளில் கண்டுபிடித்தது 3. தட்டுபவரின் காதில் மெட்டு ஓடிக்கொண்டிருக்கிறது; எதிரே இருப்பவருக்குக் கேட்பது டக்டக் சத்தம் மட்டும். 'பிரதிவாதி சாட்சி இரண்டு, தன் குறுக்கு விசாரணையில், வாதி சான்றாவணம் நான்கைப் பொறுத்தவரை...' என்று நாம் ஆரம்பிக்கும்போது, அன்று காலை முப்பது வழக்குகளைக் கூப்பிட்டு முடித்த நீதிபதிக்குக் கேட்பது அந்த டக்டக்தான். குவின்டிலியன் ஒரு அளவுகோல் வைத்திருந்தார்: நீதிபதிக்குப் புரியும்படி பேசினால் போதாது, புரியாமல் போகவே முடியாதபடி பேச வேண்டும்.

இதற்குக் கைகண்ட மருந்து தேதிவாரிப் பட்டியல். நான்சி பென்னிங்டனும் ரீட் ஹேஸ்டியும் 1988இல் ஒரு கொலை வழக்கின் சாட்சியங்களை வைத்துச் செய்த ஆய்வு இந்தத் துறையில் எல்லோரும் சொல்வது. சாட்சியம் அதேதான், வரிசை மட்டும் வேறு. அரசுத் தரப்பு சாட்சியத்தைச் சம்பவம் நடந்த வரிசையிலும், எதிரித் தரப்பு சாட்சியத்தைச் சாட்சிகள் கூண்டேறிய வரிசையிலும் கொடுத்தபோது குற்றவாளி என்றவர்கள் 78 சதவீதம். அதைத் தலைகீழாக்கியபோது 31 சதவீதம். அவர்கள் எல்லாம் ஜூரி வேடத்தில் இருந்த சாதாரண மக்கள் என்பதை மறக்க வேண்டாம். நம் ஊரில் 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே ஜூரிக்கு இடமில்லாமல் போய்விட்டது. அதனால் இந்த எண்களை அப்படியே நம் நீதிபதிகளுக்குப் பொருத்தாதீர்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். நம் விசாரணையில் சாட்சியம் வருவது வாய்தா வாய்தாவாக, சில சமயம் வருடக்கணக்கில், நடுவில் நீதிபதியே மாற்றலாகிப் போய். கதை சிதறிப்போவது அமெரிக்காவைவிட இங்கேதான் அதிகம். 18ஆம் கட்டளை எழுத்துபூர்வ வாதத்துக்கு இடம் தருகிறது. பயன்படுத்துங்கள். முதல் பக்கத்தில் சீட்டு சேர்ந்த தேதி, எடுத்த தேதி, புரோநோட்டில் எழுதியிருக்கும் தேதி, கடைசித் தவணை, நோட்டீஸ் என்று வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆவண எண்ணோ வாக்குமூலத்தின் பக்கமோ. சீட்டு எடுத்த தேதியும் புரோநோட்டுத் தேதியும் ஒன்றாக இருந்தால் அந்த இரண்டு வரி உங்கள் அரைமணி நேரப் பேச்சைவிட அதிகம் பேசும்.

எத்தனை வாதம் சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஐந்து என்று பெருமையாக எழுதியிருப்பதால் சொல்கிறேன். ஒரே நேரத்தில் மனதில் ஏந்தி வைத்திருக்கக்கூடியவை நான்கு சங்கதிகள் வாக்கில்தான் என்பது நெல்சன் கோவன் 2001இல் வந்தடைந்த கணிப்பு. எனக்கு இரண்டே அதிகம். பலமானதை முதலிலும் கடைசியிலும் வை, நடுத்தரமானதை நடுவில் ஒளித்து வை என்பது ரோமானியர் சொன்ன வரிசை. முதலும் கடைசியும்தான் நினைவில் தங்கும் என்று பின்னால் வந்த நினைவாற்றல் ஆய்வுகளும் சொல்கின்றன. நம் கோர்ட்டில் 'கடைசி' என்பது வராமலே போகலாம். முதலில் சொல்வதை மட்டும் நம்புங்கள்.

அப்புறம் அந்த மதியச் சாப்பாட்டு விவகாரம். 2011இல் வந்த இஸ்ரேலிய ஆய்வு அது. சிறைக்கைதிகளின் பரோல் மனுக்களில் ஆயிரத்துச் சொச்சம் உத்தரவுகளைப் பார்த்து, அமர்வு தொடங்கும்போது 65 சதவீதம் சாதகமாக இருந்தது இடைவேளை நெருங்க நெருங்கக் கிட்டத்தட்டப் பூஜ்யத்துக்கு இறங்குகிறது என்றார்கள். உலகம் முழுக்கப் பரவிவிட்டது. அதே வருடமே மறுப்பும் வந்தது: மனுக்கள் கண்ணை மூடிக்கொண்டு குலுக்கிப் போட்ட வரிசையில் வரவில்லை, வக்கீல் வைத்துக்கொள்ளாத கைதிகளின் மனுக்கள் பெரும்பாலும் அமர்வின் கடைசியில் வந்தன, அவை தள்ளுபடி ஆவதற்குப் பசி காரணமாக இருக்கத் தேவையில்லை என்று. இந்த மறுப்பைச் சொல்லாமல் முதல் பாதியை மட்டும் சொல்லிக்கொடுக்கும் வகுப்புக்குப் பணம் கட்டுவது உங்கள் விருப்பம். தவிர, நம் ஊரில் மனு எப்போது கூப்பிடப்படும் என்பது உங்கள் கையிலா இருக்கிறது?

தள்ளிவிட முடியாத ஆய்வுகளும் உண்டு. ஜெர்மனியில் பிர்டே எங்லிஷ் குழுவினர் 2006இல் சட்டத் துறையினரை வைத்துச் செய்தது அப்படி. தண்டனை எத்தனை மாதம் என்று சொல்வதற்கு முன் இரண்டு பகடைகளை உருட்டச் சொன்னார்கள். பகடை முன்கூட்டியே சரிக்கட்டியது. கூட்டினால் 3 அல்லது 9தான் விழும். 3 விழுந்தவர்கள் சராசரியாக ஐந்து மாதத்தைச் சற்றுத் தாண்டியும், 9 விழுந்தவர்கள் எட்டு மாதத்தை நெருங்கியும் தண்டனை சொன்னார்கள். காதில் முதலில் விழும் எண் அனுபவசாலியையும் இழுக்கிறது. விபத்து இழப்பீட்டு வழக்குகளில் உச்ச நீதிமன்றம் சர்லா வர்மா (2009), பிரணய் சேத்தி (2017) தீர்ப்புகளில் வயதுக்கேற்ற பெருக்கு எண்ணையும் கூடுதல் சதவீதங்களையும் நிர்ணயித்துக் கொடுத்ததால் இந்த இழுப்புக்கு ஒரு கடிவாளம் இருக்கிறது. இதிலிருந்து 'வாய்க்கு வந்த பெரிய தொகையைக் கேள்' என்ற பாடத்தை எடுக்காதீர்கள். கணக்குப் போட்டுக் காட்ட முடிகிற எண்ணை, முதல் ஆளாகச் சொல்லுங்கள். கணக்கு நிற்காத எண்ணைச் சொன்னால் அடுத்து நீங்கள் சொல்லும் எதையும் அந்த நீதிபதி நம்ப மாட்டார். பேசுபவன் மேல் வரும் நம்பிக்கை அவன் பேச்சிலிருந்தே வர வேண்டும், முன்னால் சம்பாதித்த பெயரிலிருந்து அல்ல என்று அரிஸ்டாட்டில் சொன்னது உங்களைப் போன்ற ஜூனியர்களுக்காகவே சொன்னது போல் இருக்கிறது. உங்களுக்கு எதிரான தீர்ப்பு ஒன்று இருந்தால் அதை நீங்களே எடுத்து நீட்டிவிட்டு, இந்த வழக்கு ஏன் வேறு என்று சொல்லிப் பாருங்கள். எதிர்த்தரப்பு எடுத்து நீட்டும்போது அதன் பாதி விஷம் இறங்கியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. இந்த அறிவு உங்கள் சொந்தச் சாட்சியின் மேலும் வேலை செய்யும். எலிசபெத் லோஃப்டஸும் ஜான் பாமரும் 1974இல் கார் மோதல் படம் ஒன்றைக் காட்டிவிட்டு வேகத்தைக் கேட்டார்கள். கார்கள் 'நொறுங்க மோதியபோது' என்ன வேகம் என்று கேட்டால் மணிக்குச் சராசரி 40 மைலுக்கு மேல். 'தொட்டுக்கொண்டபோது' என்று கேட்டால் 32 மைலுக்குச் சற்றுக் குறைவு. இன்னொரு குழுவிடம் ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். படத்தில் கண்ணாடியே உடையவில்லை. 'நொறுங்க' என்ற சொல்லைக் கேட்டிருந்த 50 பேரில் 16 பேர் பார்த்தேன் என்றார்கள். தன் சாட்சியைத் தானே கேட்கும் முதல் விசாரணையில் பதிலைப் பொதிந்த கேள்வி கூடாது என்று சாட்சியச் சட்டம் வைத்திருப்பதன் காரணம் இது. சேம்பரில் உட்கார்ந்து 'சீட்டுக்காகத்தானே வெற்றுத்தாள் கொடுத்தீர்கள்?' என்று நான்கு தடவை கேட்டால் ஐந்தாவது தடவை உங்கள் சாட்சிக்கு அது நினைவாகவே ஆகிவிடும், பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே இல்லாமல். 'அந்தத் தாளைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று மட்டும் கேளுங்கள், வாயை மூடிக்கொண்டு எழுதுங்கள்.

இப்போது உங்கள் சீனியர். அனுபவத்தில் வரும் என்கிறார். எது வரும், எது வராது என்று பிரிக்க வேண்டும். உள்ளுணர்வை எப்போது நம்பலாம் என்பது பற்றி டேனியல் கானமனும் கேரி கிளைனும் 2009இல் சேர்ந்து எழுதினார்கள். இருவரும் அதுவரை எதிரெதிர்க் கட்சி. சூழல் ஒழுங்கு மாறாததாக இருக்க வேண்டும், செய்ததன் பலன் உடனுக்குடன் தெரிய வேண்டும், அப்போதுதான் அனுபவம் நல்ல உள்ளுணர்வாகும் என்பதில் ஒத்துப்போனார்கள். குறுக்கு விசாரணையில் சாட்சி எப்போது நழுவுகிறார், இந்த நீதிபதியிடம் எப்போது நிறுத்த வேண்டும் என்பதில் உங்கள் சீனியரின் உள்ளுணர்வு விலைமதிப்பற்றது; அங்கே பலன் அடுத்த நொடியே முகத்தில் தெரியும். பக்கத்திலேயே நின்று கவனியுங்கள். ரோமானிய இளைஞர்களும் மூத்த வக்கீல்களின் பின்னால் மன்றத்துக்குப் போய்த்தான் கற்றார்கள், சிசரோ உட்பட. ஆனால் 'இந்த வாதத்தால்தான் ஜெயித்தோம்' என்று அவர் சொல்வதில் அவ்வளவு உறுதி வேண்டாம். வாதத்துக்கும் மேல்முறையீட்டு முடிவுக்கும் நடுவில் பல வருடம் ஓடிவிடுகிறது, காரணங்கள் பத்து கலந்துவிடுகின்றன. அங்கே யாருடைய அனுபவமும் ஊகம்தான், என்னுடையதும் சேர்த்து.

பயிற்சி என்று கேட்டால், வகுப்புக்குக் கட்டும் பணம் மிச்சம். கட்டை மூடி வைத்துவிட்டு வழக்கை இரண்டு நிமிடத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். திரும்பத் திரும்பப் படிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்துச் சொல்வதே நாள்பட நிற்கிறது என்று ரோடிகர், கார்பிக் இருவரும் 2006இல் காட்டினார்கள். கேட்பதற்குச் சட்டம் படிக்காத ஒருவர் கிடைத்தால் இன்னும் நல்லது. அவர் எங்கே 'என்னது?' என்கிறாரோ அங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் புரோநோட்டு வழக்குக்கு வருகிறேன். உங்கள் கட்சிக்காரர் கூண்டில் ஏறிக் கையெழுத்தைப் பற்றி என்ன சொன்னார் என்று நீங்கள் எழுதவே இல்லை. அந்த வாக்குமூலத்தை இன்றைக்கே நகல் எடுத்துப் படியுங்கள். அங்கே அவர் கையெழுத்தை ஒப்புக்கொண்டிருந்தால் எதிருரையில் (பிரதிவாதியின் எழுத்துபூர்வப் பதிலில்) இருக்கும் மறுப்பை இனி இழுத்துக்கொண்டு திரிவதில் பயனில்லை. சீட்டுக் கதையில் மட்டும் நில்லுங்கள், கடன் தீர்ந்தது என்ற வாதத்தை வலியுறுத்தவில்லை என்று சொல்லிவிடுங்கள். காலவரம்பு தேதிக் கணக்கு என்பதால் உண்மையிலேயே கடந்திருந்தால் மட்டும் வையுங்கள். மாறாக, அவர் கூண்டிலும் மறுத்திருந்தால் சீட்டைப் பற்றி மூச்சுவிட முடியாது. வாதியும் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களும் குறுக்கு விசாரணையில் எங்கே நழுவியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். எந்த வாதத்தைக் கைவிடுவதாக இருந்தாலும் கட்சிக்காரரிடம் விளக்கி எழுத்தில் கையெழுத்து வாங்கிவிட்டுச் செய்யுங்கள், சீனியருக்கும் தெரியட்டும். சீட்டு சம்பந்தமாக எழுவினாவே வனையப்படவில்லை என்றால், தீர்ப்புக்கு முன் எந்தக் கட்டத்திலும் எழுவினாவைத் திருத்தவோ சேர்க்கவோ 14ஆம் கட்டளை 5ஆம் விதியில் மனுப் போடலாம். மேற்கொண்டு சாட்சியம் தேவைப்படும், தாமதிக்கும் நோக்கம் என்று வாதி ஆட்சேபிப்பார். எதிருரையிலேயே இருக்கும் சங்கதி, புதிதாக எதுவும் சொல்லவில்லை என்று காட்டும் பத்தி எண்ணை மனுவின் முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள்.